கோயில் மணியில் மாட்டிக்கிட்ட ஒற்றன்

எங்க ஆனி அக்காவுக்கு ஆபீஸ், தூத்துக்குடி மில்லர்புரத்து வீட்டு மாடியறைதான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே நைட்டி. ஹார்பர் கன்டெய்னருக்கு லாரி ஏற்பாடு செய்யும் கம்பெனியில் டீம் லீடர். டீமில் நாலு பேர், ஆளுக்கொரு ஊர். ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததே கிடையாது. கேட்டில் ஒரு லாரி சும்மா நின்றாலும் அக்காவுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவளைக் குறை சொல்ல வாய் கூசுது. ஆனா நடந்தது நடந்ததுதான்.

டீமில், தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டை செந்தில்வேல் மட்டும் கேமரா போடவே மாட்டார். “வீட்டுல சிக்னல் இல்ல மேடம், கேமரா போட்டா பேச்சு அறுந்துபோவுது” என்பார்.

“மெயின் ரோட்டு ஊர்ல சிக்னல் இல்லியாம்! இன்னொரு கம்பெனிக்கும் வேலை பாக்குதான்லே ரெனிஷ்” என்றாள் அக்கா என்னிடம்.

அவரை வைத்துக்கொள்ளவா, அனுப்பிவிடவா என்று சாயங்காலத்துக்குள் சொல்லும்படி சென்னை மேனேஜர் கேட்டிருந்தார். அதனால் அக்கா என்னை உளவு பார்க்க அனுப்பினாள். பத்தாங்கிளாஸைப் பாதியில் விட்டவன், தெருவில் ஒரு வீட்டு பெல்லையும் அமுக்காமல் போகாதவன். இதுக்கு வேற யாரு இருக்கா?

கூரியர் பையனாகப் போனேன். டப்பாவுக்குள் ஒரு பாக்கெட் உப்பு. தூத்துக்குடிக்காரனுக்கு உப்பு பார்சல்! சிரிப்பை அடக்க முடியலை.

செந்தில்வேல் மொட்டைமாடிப் படிக்கட்டில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. “செத்த நில்லு தம்பி” என்று கை காட்டினார்.

அப்போது லேப்டாப்பில் மணிச்சத்தம் கேட்டது. எங்க மாதா கோயில் மத்தியான மணி, அக்காவின் மைக் வழியாக. அது அடித்தால் அக்கா எந்த மீட்டிங்கானாலும் மைக்கை அணைத்துவிட்டு மூவேளைச் செபம் சொல்லப் போய்விடுவாள். யாரிடமும் சொல்லிக்கொள்வதும் இல்லை.

“ஆனி எங்க போயிட்டாங்க?” என்றார் மேனேஜர்.

“இப்ப வந்துருவாங்க சார். அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்” என்றார் செந்தில்வேல், தினமும் சொல்கிற மாதிரி.

அதற்குள் என் கை தன்னால நெற்றிக்குப் போய்விட்டது. சிலுவை போட்டுவிட்டேன். பாழாப்போன பழக்கம்.

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தை. மைக்கை அணைத்தார்.

“அதே ஜாடை. மேடம் தம்பியாலே நீ?”

கை நீட்டுவார் என்று நினைத்தேன். அவரோ என்னை மேலே கூட்டிப்போனார். தண்ணித்தொட்டிக் குழாயில் ஒரு போனைத் துணியால் கட்டியிருந்தார்.

“இங்கன மட்டுந்தான் நெட்டு கிடைக்கும். அதைப் பிடிச்சித்தான் படியில வேலை. நல்லாப் பாத்துக்க” என்றவர், குரலைத் தணித்தார். “நான் கண்டுபிடிச்சத மேடத்துட்ட சொல்லாதலே. சங்கடப்படுவாங்க.”

திட்டியிருந்தாத் தேவல.

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கலை. சாயங்கால மீட்டிங்கில், எல்லோரும் கேட்க, “செந்தில்வேல் இருக்கட்டும் சார். அவர் சொன்னது நெசம். நான்தான் நம்பாம ஆள் விட்டுப் பார்த்தேன்” என்றாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்க எனக்கே கூசியது.

செந்தில்வேல்தான் தொண்டையைச் செருமினார். “மேடம், காலையில வர்ற கப்பலுக்கு எத்தனை லாரி சொல்லணும்?”

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள் அக்கா. அன்னைக்கு நோட்டை ரெண்டு தரம் புரட்டிப் பார்த்துத்தான் சொன்னாள்.