தையற்கடை பூட்டிக்கிடந்த பதினாறு மாதங்கள்

1. முதல் நாள்

மட்டக்களப்பு அரசாங்க அலுவலகமான கச்சேரியில் நான் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த அன்று விசாரணை அதிகாரி என்னை உட்காரச் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. எல்லோரும் அவரைத் துரை என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது:

“இங்கே வருகிறவர்கள் பொய் சொல்வார்கள். சொல்லை மொழிபெயர்ப்பது மட்டும் உமது வேலை இல்லை. பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் நீர் எனக்குக் காட்ட வேண்டும்.”

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்தியாவும் இலங்கையும் அவன் கையில் இருந்தன. இராமநாதபுரத்தான் தோணியேறி வந்து இங்கே கடை போட்டால் ஏன் வந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. இரண்டு நாட்டுக்கும் சுதந்திரம் வந்தது. அதோடு அப்படி வந்தவர்கள் ஒரே சட்டத்தில் அந்நியர்களாகிவிட்டார்கள். குடியுரிமை வேண்டுமென்றால் அப்ளிகேஷன் போட்டு, எங்கள் கந்தோருக்கு வந்து அதிகாரி முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். பல விதிகள் இருந்தன. அநேகர் விழுந்தது ஒன்றில்: சட்டம் கேட்ட காலத்துக்குள் ஒரே தடவையில் ஒரு வருடத்துக்கு மேல் இலங்கையை விட்டுப் போயிருக்கக் கூடாது.

பொய் பிடிக்க நான் சீக்கிரமே பழகிக்கொண்டேன். கேள்வி கேட்டதும் ஒருவர் “ஆமா” என்றால் என் காது நிமிரும். இங்கே நெடுங்காலம் இருந்தவர் “ஓம்” என்றுதான் சொல்வார். ஒருமுறை ஒரு வியாபாரியிடம், “கச்சான் காத்து எந்தப் பக்கத்தால வாறது?” என்று கேட்டேன். மேற்குப் பக்கத்தால் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அவர் விழித்தார். அந்த பைல் அன்றே மூடப்பட்டது. துரை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று மாலை வாவிக்கரையால் வீட்டுக்கு நடந்தபோது எனக்கு மனதுக்குள் பெருமையாக இருந்தது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

2. சுப்பையா

ஐம்பதுகளின் பிற்பகுதி. செங்கலடிச் சந்தியில் தையற்கடை வைத்திருந்த சுப்பையா விசாரணைக்கு வந்தார். இராமநாதபுரத்துப் பக்கம் பிறந்தவர். மனைவி கனகம்மா வந்தாறுமூலைப் பெண். மூன்று பிள்ளைகள். தகப்பனுக்குக் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளைகளுக்கும் இல்லை என்பது சட்டம்.

அவர் “ஓம் துரை” என்று சொன்ன விதத்தில் ஒரு பிசகும் இல்லை. பிசகே இல்லாததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

பைலில் யாரோ அனுப்பிய, கையெழுத்தில்லாத பெட்டிசம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இவர் கடை ஒரு வருடத்துக்கு மேல் பூட்டிக்கிடந்தது, இவர் இந்தியாவில் இருந்தார் என்று எழுதியிருந்தது. துரை அதைப் பற்றிக் கேட்டார்.

“அப்ப சீத்தைத் துணி கிடைக்கல்ல துரை,” என்றார் சுப்பையா. “தைக்க ஒண்டுமில்ல. கடையப் பூட்டிப்போட்டு மாமன்ட வயல் வட்டைக்க வெள்ளாமை பாத்தன்.”

அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கனகம்மாவைத் தனியே கேட்டோம். அவரும் அதையே சொன்னார். சீத்தை, கடை, மாமன், வட்டை. அதே ஒழுங்கு.

“என்ன நினைக்கிறீர்?” என்று துரை கேட்டார்.

“இருவரும் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், சேர்.”

துரை ஏதோ எழுதினார். பிறகு, “ஊருக்குப் போய் ஒருமுறை பார்த்து வாரும்,” என்றார்.

3. செங்கலடி

நான் போனபோது சுப்பையா கடையில் இல்லை, நூல் வாங்க ஏறாவூருக்குப் போயிருந்தார். கனகம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் சுவரைப் பார்த்தேன். இந்தியாக்காரர் கடையென்றால் காந்தி படம் ஒன்றாவது தொங்கும். இங்கே ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே சுவர் வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தது. படத்தைக் கழற்றியிருக்கிறார்கள்.

“உங்களுக்கு உதவி செய்யத்தான் வந்தனான்,” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். “நீங்க துரைட ஆளா, எங்கட ஆளா?”

“உங்கட ஆள்தான்.”

அவர் தையல் மெசின் லாச்சியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடுதாசியை எடுத்தார். இந்தியச் சிறை ஒன்றின் விடுதலைக் கடிதம். சுப்பையாவின் பெயரும், உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் இருந்தன.

“இவர்ட தகப்பன் செத்த கடமைக்கு இந்தியாவுக்குப் போனவர்,” என்றார். “ஒரு மாசத்தில வாறன் எண்டுதான் போனவர். வெள்ளைக்காரனுக்கு எதிரா அங்க ஊர்வலம் போக இருந்த பொடியன்மார் துணியக் கொண்டுவந்து, அண்ணே கொடி தைச்சுத் தாங்க எண்டு கேட்டிருக்கானுகள். இவர் தைச்சுக் குடுத்தார். அவ்வளவுதான். ஊர்வலத்துக்கும் போகல்ல, சத்தம் போடவுமில்ல. பொலிசு வந்து பிடிச்சு, பதினாறு மாசம்.”

கடுதாசியின் மடிப்பை விரலால் நீவிவிட்டார்.

“இப்ப அங்க அரசாங்கம் ஏத்துறது அந்தக் கொடியத்தானே. ராட்டை இருந்த இடத்தில சக்கரம், மத்தபடி அதேதான். அங்க சொன்னா மரியாதை. இஞ்ச சொன்னா எண்ட புள்ளைகளுக்கு நாடில்ல.” கடுதாசியை என்னிடம் நீட்டினார். “நீங்க படிச்ச ஆள். இவர் வேணுமெண்டு அங்க நிக்கல்ல எண்டதுக்கு இதுதான் சாட்சி. இத வெச்சு ஏதும் செய்ய ஏலுமெண்டா செய்ங்க.”

நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கடிதத்தையே நினைத்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவு இலகுவாக ஏன் தந்தார்? இதைவிடப் பெரிய ஒன்றை மறைக்க இது ஒரு சாட்டோ? அல்லது துரை என்னைச் சோதிக்கச் செய்த ஏற்பாடோ? சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்து கொஞ்ச நாள்தான். தமிழ்க் கிளாக்கர் எல்லோரும் தங்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்த நேரம். நாளைக்கு என் பெயரிலும் ஒரு பெட்டிசம் வரலாம். எல்லாவற்றையும் யோசித்தேன். அந்தப் பெண் என்னை நம்பித்தான் தந்தார் என்பது மட்டும் ஏனோ தோன்றவில்லை.

மறுநாள் காலை கடிதத்தையும் டைப் அடித்த மொழிபெயர்ப்பையும் துரையின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். “சரி,” என்றார்.

சுப்பையாவின் அப்ளிகேஷன் நிராகரிக்கப்பட்டது. அந்த முடிவைத் தமிழில் எழுதியதும் நான்தான்.

4. பைல்

பத்து வருடத்துக்கு மேல் கழிந்தது. அப்போது றெக்கோட் றூம் என் பொறுப்பில் இருந்தது. பழைய பைல்களைக் கொழும்புக்கு அனுப்பப் பிரித்துக்கொண்டிருந்தபோது சுப்பையாவின் பைல் கையில் வந்தது. துரை தன் குறிப்பாக எழுதிய மினிட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என்னைச் செங்கலடிக்கு அனுப்ப முந்தி, விசாரணை நடந்த அன்றே எழுதியது.

‘கணவனும் மனைவியும் சொல்வது ஒத்துப்போகிறது. பெட்டிசத்தில் கையெழுத்து இல்லை. நான் இந்த மனிதரை நம்புகிறேன். முறைக்காக மொழிபெயர்ப்பாளரை ஒருமுறை அனுப்பலாம். எதிராக ஒன்றும் வராவிட்டால் அனுமதிக்கவும்.’

எதிராக வந்தது நான் கொண்டுவந்தது மட்டும்தான். எனக்குச் சந்தேகப்படச் சொல்லித் தந்தவரே சுப்பையாவை நம்பியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை செங்கலடிக்குப் போனேன். இருவரும் இருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுப்பையா மெசினை நிறுத்தினார்.

“துரை நம்பினாரா?”

“நம்பினவர்.”

அவர் தலையை ஆட்டினார். கனகம்மாதான் பேசினார்.

“இவருக்குத் தெரியாமத்தான் அந்தக் கடுதாசிய உங்களிட்டத் தந்தன். ஏன் குடுத்தாய் எண்டு இத்தனை வருசத்தில இவர் ஒரு சொல்லுக் கேட்டதில்ல. ஏசியிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.”

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் அப்போது புதிதாக அப்ளிகேஷன் எடுத்தார்கள். அப்ளிகேஷன் பாரங்களைக் கொண்டுபோயிருந்தேன். “நான் நிரப்பித் தாறன். ஒரு பிழையும் வராது,” என்றேன்.

கனகம்மா பாரங்களை வாங்கி, என் கைக்கு எட்டாத பக்கம் வைத்தார்.

“வேணாம் சேர். மகள் எழுதுவாள். நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

குடித்துவிட்டு வந்தேன். நாலைந்து வருடம் கழித்து அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்ததைப் பஸ்ஸில் யாரோ பேசித்தான் கேள்விப்பட்டேன்.

கந்தோர் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது ஒன்றுதான். என் மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துப் பிழைகூட இருந்ததில்லை. அது யாருக்கும் உதவவில்லை. ஒருவர் தன் கடுதாசியை உங்கள் கையில் தந்தால், எழும்ப முந்தி, அதை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டால், வெறுங்கையோடு பஸ் ஏறுங்கள்.