நாற்பத்தோராவது டிராக்

1. ஒரு போன்

“தம்பி, நீ வித்த புரோகிராம் என்னையக் கள்ளன்னு சொல்லுதுடே.”

பர்சனல் கம்ப்யூட்டர் சிறு கடைகளுக்குள் நுழையத் தொடங்கிய காலம். ஹூஸ்டனில் நான்கு பேர் கொண்ட எங்கள் கம்பெனி, கடைகளுக்கான பில்லிங் புரோகிராமை ஃபிளாப்பியில் விற்றது. போனில் பேசியவர் ஜெபராஜ் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் மருந்துக்கடை வைத்திருந்தார். அங்கே எனக்கென்று இருந்த ஒரே வீடு அவருடையது. ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து வந்ததும் அவர் மனைவி கிரேஸ் அக்கா எனக்கும் சோறு வைப்பார். மற்ற நாளெல்லாம் பிரெட்தான்.

அண்ணாச்சியின் ஸ்கிரீனில் வந்த வாசகத்தை எழுதியது நான்: ‘இது திருட்டுக் காப்பி.’ ஃபிளாப்பியில் நாற்பது டிராக்குகள், அதாவது வட்டங்கள். காப்பி எடுப்பவர்கள் அந்த நாற்பதை மட்டுமே எடுப்பார்கள். அதனால் நாற்பத்தோராவதாக ஒன்றைப் போட்டு, அதில் ஒரு குறி வைத்தேன். குறி இல்லையென்றால் நகல். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

“அண்ணாச்சி, யாருக்காவது காப்பி போட்டுக் குடுத்தீங்களா? ஒரிஜினல் மாறிப் போயிருக்கும்.”

“நீ சும்மா தாரேன்னப்பவே வேண்டாம்னு துட்டு குடுத்து வாங்குனவன்டே நான்.”

“அது சரி அண்ணாச்சி. ஆனா புரோகிராம் பொய் சொல்லாது. டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பறோம்.”

“அப்ப நாந்தான் பொய் சொல்லுதேன், என்னா?”

போனை வைத்துவிட்டார். பக்கத்து மேஜையில் என் முதலாளி இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, குரல் புரியும். சொந்த ஊர்க்காரருக்காக இறங்கிப் போகிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதென்று விறைப்பாகப் பேசியிருந்தேன். அந்த ஞாயிறு நான் பேர்லேண்டுக்குப் போகவில்லை.

2. டக்

சில மாதங்கள் கழித்து வேறொரு வாடிக்கையாளர் அதே புகாரோடு மெஷினையே தூக்கிக்கொண்டு வந்தார். ஃபிளாப்பியைச் செருகும் டிரைவின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். படிக்கும் ஹெட் ஒவ்வொரு டிராக்காக உள்ளே நகர்ந்தது. நாற்பதைத் தாண்டப் போனபோது தடுப்பில் ‘டக்’கென்று இடித்துத் திரும்பியது. புதிதாக வந்த மலிவு டிரைவ்களில் நாற்பத்தொன்றுக்கு இடமே இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்த போனுக்கு முந்தின ஞாயிறு, ரிப்பேர் கடையில் புது டிரைவ் மாட்டியதை அண்ணாச்சி சாப்பாட்டு மேஜையில் என்னிடம் சொல்லியிருந்தார். என் கவனம் மீன் குழம்பில் இருந்தது.

சத்தமில்லாமல் அடுத்த வெர்ஷனில் அந்தச் சோதனையை எடுத்துவிடு என்றார் முதலாளி. எடுத்தேன். அண்ணாச்சிக்குப் போன் செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் செய்யவில்லை. முதலில் வெட்கம். பிறகு, இத்தனை நாள் கழித்தா என்ற வெட்கம். அடுத்த வேலை கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் கிடைத்தது, கிளம்பிவிட்டேன்.

3. போன மாதம்

என் மனைவி இறந்தபின் பேர்லேண்டில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்தேன். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் “ஆல் ஓகே?” என்று மெசேஜ் அனுப்புவான்.

தேடிப் போனேன். அண்ணாச்சி அதே வீட்டில்தான் இருந்தார். கிரேஸ் அக்கா இப்போது உயிரோடு இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“அது எனக்கு அந்த வாரமே தெரியும்டே. பழைய டிரைவ மாட்டிப் பாத்தேன், ஓடிச்சு.”

“அப்போ ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?”

“கள்ளன்னு சொன்னது நீ. நான் எதுக்குல பண்ணணும்?” சிரித்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். “ஞாயித்துக்கெழம வருவ, பேசிக்கிடலாம்னு இருந்தோம். அவ ரொம்ப நாள் உனக்கும் சேத்துத்தான் அரிசி போட்டா.”

புரோகிராம் எழுதும் இளையவர்களுக்கு ஒன்று. மெஷினுக்குத் தெரிந்தது, குறியைப் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே. திருட்டு என்று சொன்னது நான். மெஷினுக்குத் தெரிந்ததை மட்டும் ஸ்கிரீனில் எழுதுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே போனை எடுங்கள். அந்தப் பக்கம் உங்களுக்கும் சேர்த்துச் சோறு வடித்திருப்பார்கள்.