குழிக்குள் இருந்த பட்டன்

ஒரு பட்டனைத் தொடுவது எவ்வளவு சுலபமாக இருக்கலாம்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

மின்சார அடுப்புகளுக்குத் தொடுதிரை வடிவமைப்பது என் வேலை. சின்ன பட்டன்களைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல், தொடும் இடத்தைப் பெரிதாக்கியிருந்தேன். விரல் தள்ளிப் பட்டாலும் அடுப்பு சூடாகும். வயதானவர்களுக்குப் பிடித்துப்போனது.

போன வாரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறி எதிரே உட்கார்ந்தவர், நீலச் சட்டை போட்ட தொழிற்சாலை ஆள். கைப்பேசியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். என் வேலையைப் பெருமையாகச் சொன்னேன்.

"எங்க தகடு வெட்டுற பிரஸ் மிஷின்ல நிறுத்துற பட்டன்தாம்மா பெருசு. ஓட்டுற பட்டன் குழிக்குள்ள கீது. தெரியாம கை பட்டா ஓடக்கூடாதுல்ல?"

"ஆரம்பத்துலேயே அப்படித்தானா அண்ணா?"

"இல்லம்மா. இதுக்கப்புறம்தான்." சிரித்தபடி வலது கையைக் காட்டினார். இரண்டு விரல்கள் பாதியில் நின்றிருந்தன. பிறகு மகளைப் பார்த்தார். "பாப்பாவுக்கு அடுப்பு எட்டுமா?"

எட்டாது என்றேன்.

இன்று காலை, சோதனைக்காகப் படூர் வீட்டில் வைத்திருக்கும் அடுப்பு 'பீப்' என்றது. மகள் முக்காலியில் நின்றிருந்தாள். விரல் பட்டனுக்கு வெளியேதான் இருந்தது.

திங்களன்று திரை தயாரிப்புக்குப் போகிறது. அந்தத் தொடும் இடத்தைச் சுருக்கச் சொன்னால், கண் மங்கியவர்கள் திண்டாடுவார்கள். சொல்லவா, வேண்டாமா? வீட்டில் குழந்தையும் முதியவர்களும் இருப்பவர்கள் தயவுசெய்து திங்களுக்குள் எழுதுங்கள்.