தொடுவதற்கு முன் பேசியவர்

தரையில் படுத்திருந்த என் கணவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றியும் அவர் கண் திறக்கவில்லை, விரல்கூட அசையவில்லை. இயந்திரம்தான் மூச்சுக் கொடுத்தது. கட்டிலருகே நின்ற என் கொழுந்தனார், அடக்கத்துக்கு ஊரில், தெல்தெனியவில், யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கட்டிலில் தன் வாப்பாவைப் பார்க்க வந்திருந்த பெண் எங்கள் பக்கம் திரும்பினார். கறுப்பு முக்காடு, தூக்கமில்லாமல் வீங்கிய கண்கள். நேரே என் கணவரின் காதருகே குனிந்தார்.

“அண்ணன், கையத் தொடுறேன். பயப்படாதீங்க.” அதற்குப் பிறகுதான் தொட்டார்.

“டாக்டரா மிஸ்?” என்றேன்.

“இல்ல அக்கா. தவளைட இதயத்தில உள்ள நரம்புக் கலங்கள ஆராயிறேன். கட்டுவிரியன்ட நஞ்சப் போட்டா, நரம்பு அனுப்புற செய்திய வாங்குற இடத்தில போய் ஒட்டிக்கொள்ளும். அதுக்குப் பொறகும் அந்த இதயம் துடிக்கும். அண்ணன்ட தசையிலயும் இப்ப நஞ்சு ஒட்டியீக்கிது. மூளை அசையச் சொல்லுது, தசைக்குக் கேக்கல்ல. ஆனா நாம பேசுறது அவருக்குக் கேக்கும்.”

கொழுந்தனார் தலை குனிந்து வெளியே போனார். நான் கணவரின் காதில் பேசத் தொடங்கினேன்.

சில நாளில் நஞ்சு இறங்கி, தொண்டையிலிருந்த குழாயை எடுத்ததும் அவர் சொன்னார்: “பொதைக்கப் போறாங்கன்னு உள்ளுக்குள்ள கத்துனேன், சத்தம் வரல. அந்தத் தங்கச்சி எங்கிட்ட சொல்லிட்டுத் தொட்டப்பதான் தைரியம் வந்துச்சு.”

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அடுத்த கட்டில் காலியாக இருந்தது; விரிப்பு மாற்றியிருந்தார்கள். வாப்பாவை வீட்டுக்குக் கூட்டிப் போனாரா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.