ஜனக்புரியில் சைல்ட் லாக் போடுகிறேன்

போனில் சைல்ட் லாக் போடுவது என்பது, பிள்ளை அதைத் திறப்பதற்குள் பெற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் தொழில். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, டெல்லி ஜனக்புரியில் ஒரு மொபைல் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் தமிழ்ப் பெண் என்பதால் தமிழ்க் குடும்பமெல்லாம் என்னிடம்தான் வரும். ஒரு பிள்ளையையும் ஒரு போனையும் வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களே, உங்களில் என்னால் மறக்க முடியாதவர் செல்வி ஆன்ட்டி. கணவர் ராணுவத்தில், எங்கேயோ எல்லைப் பக்கம். ஆன்ட்டி மதுரையிலிருந்து வந்து இரண்டு வருடம். மகள் யாழினிக்குப் பத்து வயது.

நாலு எண்

எண்ணை வாடிக்கையாளரே போட வேண்டும், நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அது கடை வழக்கம். ஆன்ட்டி போட்டார், சந்தோஷமாகப் போனார். மூன்றாம் நாள் மகளோடு வந்து நின்றார். எல்லாம் திறந்து கிடந்தது.

"என்ன எண் வெச்சீங்க?" என்றேன். மகளின் பிறந்த தேதி. எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள். வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. எப்படித் திறந்தாய் என்று யாழினியைக் கேட்டேன். மக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். டெல்லியில் வளர்கிறவள், அக்காவைத் தீதி என்றுதான் கூப்பிடுவாள்.

"தீதி, என் பர்த்டே எனக்குத் தெரியாதா?"

சமையல்கட்டுக் காது

வேறு எண் போட்டோம். போனில் ஆடும் விளையாட்டில் மகள் யாரோடு பேசுகிறாள் என்று கேட்டேன். "ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும்னு சொல்லிருக்கேன். சமையல்கட்டுல இருந்தே கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றார் ஆன்ட்டி பெருமையாக. நல்லதுதான். ஆனால் பேச்செல்லாம் ஹிந்தியில். ஆன்ட்டிக்குத் தெரிந்தது ஆட்டோக்காரரை நிறுத்தச் சொல்லும் "பஸ் பையா, ரோகோ" வரைக்கும். காய்கறி வண்டியிலிருந்து டாக்டர் வரை மகள்தான் மொழிபெயர்ப்பாளர்.

போனை வாங்கி, எழுத்தில் வந்ததைப் படித்தேன். ஒருவன் தனக்குப் பன்னிரண்டு வயது என்கிறான், எழுதுவதோ பெரிய ஆள் மாதிரி. எந்த ஸ்கூல், அம்மா எப்போது வெளியே போவார், போட்டோ அனுப்பு. கடைசியில், "உன் மம்மிக்கு ஹிந்தி தெரியாதே, அவரிடம் சொல்லாதே." எனக்குப் பூசி மெழுகத் தெரியாது, அப்படியே தமிழில் சொன்னேன். யாழினி தரையைப் பார்த்தாள். அறை விழப்போகிறது என்று நினைத்தேன். ஆன்ட்டி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"உன்னைத் திட்ட மாட்டேன்டி. எனக்கு ஹிந்தி தெரியாதுன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது, அதை மட்டும் சொல்லு."

கெட்ட வார்த்தை வகுப்பு

யாழினிதான் சொல்லியிருக்கிறாள். 'மம்மிக்கு எல்லாத்தையும் நான்தான் சொல்லித் தருவேன்' என்று பெருமையடித்திருக்கிறாள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சைபர் போலீஸுக்குப் புகார் அனுப்பி, அவனை ப்ளாக் செய்தோம். முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் ஆன்ட்டி கோடு போட்ட நோட்டோடு தனியாக வந்தார். "ஹிந்தியில இருக்கிற கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லு பாப்பா, எழுதிக்கிறேன். சமையல்கட்டுல காதுல விழுந்தா எனக்குப் புரியணும்ல." எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல, தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போட்டு, வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தார். கடை முதலாளி பிங்கி தீதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார். மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு ஆன்ட்டி தினமும் வந்தார், ஒரு மாதம். ஒரே வார்த்தையைப் பத்து தடவை கேட்பார், எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஒரு மணி நேரம் வகுப்பில் உட்காரமுடியாமல் பள்ளியை விட்டவள் நான். இந்த அம்மாவைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது. ஒருநாள் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார்.

"திட்டுறது ஈஸியாத்தான் இருக்கு பாப்பா. கொஞ்சுறான் பாரு, அதுதான் பிடிபடல. அதை இன்னொரு தடவை சொல்லு."

மம்மி பேசுகிறார்

போன வாரம் யாழினி அம்மாவைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு வந்தாள். விளையாட்டில் புதிதாக ஒருவன், வீட்டில் மம்மி இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறான். யாரும் சொல்லாமலே போனை அம்மா கையில் கொடுத்திருக்கிறாள். ஆன்ட்டி, "போலோ பையா, மம்மி ஹூம். க்யா சாஹியே?" என்றாராம், மம்மிதான் பேசுகிறேன், என்ன வேண்டும் என்று. எனக்குப் புல்லரித்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், அம்மாவின் ஹிந்தி எப்படி என்று யாழினியைக் கேட்டேன்.

"எனக்கே சிரிப்பு வந்துடுச்சு தீதி. ஆனா அவன் ஓடியே போயிட்டான்!"

இப்போதெல்லாம் சைல்ட் லாக் கேட்டு வருகிறவர்களிடம் "உங்களுக்கு ஹிந்தி எவ்வளவு வரும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன், பாதிப் பேர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.