பொடியன் மூன்றாவது முறை நிறுத்தியபோது

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னோடு பதினோரு வருடம் வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு நடந்தது. அவர் எழுதிக் காட்டியதைத்தான் சொல்கிறேன். ஏன் வாயால் சொல்லவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

மெக்கானிக்குக்கு ஒரே ஒரு பைத்தியம். கம்ப்யூட்டரில் கோட்டை கட்டி, படை திரட்டிச் சண்டை போடும் ஒரு பழைய ஆன்லைன் விளையாட்டு. அதில் அவருக்கு எதிராளி, மனைவியின் தம்பி. பொடியன் என்ற பெயரில் ஆடுவான். ஆஸ்துமாக்காரன், அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தான். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மதியம், ஆட்டத்தின் நடுவிலேயே நாற்காலியில் செத்துப்போனான். அக்கா நர்ஸ், டியூட்டியில் இருந்தாள். மெக்கானிக் வேலையிடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அவனோடு ஆடிக்கொண்டிருந்தார்.

“நான் அன்னைக்கு லீவு போட்டிருந்தா அவன் இருந்திருப்பான்” என்று ஒன்பது வருடமாக அவள் உருகிப்போனாள். மெக்கானிக் முதுகைத் தடவி ஆறுதல் சொல்லுவார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அந்த விளையாட்டில் ஆளுக்கு மூன்று முறை ஆட்டத்தை நிறுத்தலாம். எதிராளி நினைத்தால் உடனே ஓடவிடலாம். பொடியன் அன்று மூன்று முறை நிறுத்தினான். எழுந்திருக்க முடியவில்லை, யாரையாவது அனுப்புங்கள் என்று ஆட்டத்தின் பேச்சுப் பெட்டியில் எழுதினான். தோற்கப்போகிறவன் நடிக்கிறான் என்று இவர் மூன்று முறையும் ஓடவிட்டார். ஜெயித்தார். அந்த வருடமே சர்வரை மூடிவிட்டார்கள். பேச்சும் பதிவும் அதோடு ஒழிந்தன. மனிதர் நிம்மதியாகத்தான் இருந்தார்.

போன வருடம் நாலைந்து ஆர்வலர்கள் சேர்ந்து, பழைய மென்பொருளை ஒட்டுப்போட்டு ஓடவைக்கும் ஒரு பேட்ச் போட்டார்கள். செத்த ஆன்லைன் ஆட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. லிஃப்ட் கையேட்டை எழுத்தெழுத்தாகப் படிக்கிறவர், பேட்சில் என்னென்ன மாறியிருக்கிறது என்ற பட்டியலை மட்டும் படிக்கவே இல்லை. கடைசி வரி இது: ‘பழைய ஆட்டங்களின் பேச்சுகள் மீட்கப்பட்டுள்ளன.’

அந்த ஞாயிறு மதியம் 2.10. ஆட்டத்துக்குள் போனார். நாற்பத்தொரு பேர் காத்திருந்தார்கள். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

2.14. ஆட வரச்சொல்லி ஓர் அழைப்பு. பொடியன்.

எவனோ அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டான் என்று நினைத்தார். ஆனால் முதல் கோட்டையை ஆற்றுக்கு நடுவில் கட்டினான். அந்த முட்டாள்தனத்தை ஒருவன்தான் செய்வான்.

2.31. பொடியன் ஆட்டத்தை நிறுத்தினான்.

மெக்கானிக் ஓடவிடும் பொத்தானை அழுத்தினார். ஓடவில்லை. அப்போதுதான் கவனித்தார்... மூச்சு உள்ளே போகவில்லை. பத்து விநாடி. ஆட்டம் ஓடியது. மூச்சும் வந்தது.

2.36. மறுபடி. இந்த முறை நாற்பது விநாடி. ஹெட்போனில் ஒரு சத்தம்... ஹ்ஹீ... ஹ்ஹீ... யாரோ காற்றுக்குத் தவிக்கிற சத்தம்.

எழுந்து ஓட நினைத்தார். கால் வரவில்லை.

2.44. மூன்றாவது நிறுத்தம்.

நாற்காலி இழுபட்ட சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். நெஞ்சில் கை வைத்தாள். அவர் திரையைக் காட்டினார். பொத்தானை அழுத்து என்பதற்காக.

திரையில் பழைய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தேதியோடு.

‘மாமா, மூச்சு விட முடியல. யாரையாவது அனுப்புங்க.’

‘தோத்தா மட்டும் உனக்கு மூச்சு முட்டுமா? ஆடுடா.’

‘மாமா’

‘மாமா’

படித்தாள். கையை எடுத்துக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அவனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டாள்.

அவர் மறுபடி பொத்தானையே காட்டினார்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்...

ஆம்புலன்ஸுக்கு அவள் போன் செய்தது 2.49க்கு. உயிர் தங்கியது. ஆனால் சொந்த மூச்சு திரும்பவே இல்லை. தொண்டையில் குழாய், கட்டிலருகில் மூச்சு இயந்திரம். அதனால்தான் எழுதிக் காட்டினார். அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஒரு குறை சொல்ல முடியாது.

எனக்கு மனசு கேட்கவில்லை. பேட்ச் போட்டவர்களில் ஒருவனைத் தேடிப் பிடித்தேன். பார்த்துச் சொன்னான்.

“அந்த ஆட்டம் இன்னும் முடியலங்க. மூணு மாசமா நிறுத்தத்துலயே இருக்கு. எதிராளியும் இன்னும் உள்ளேதான் இருக்கான்.”

“எங்கிருந்து?”

“உங்க மெக்கானிக்கோட அதே வீட்டு இணைப்புதான். இங்கிருந்தே ஆட்டத்தை முடிச்சு விட்டுடட்டுமா?”

பொடியனின் கம்ப்யூட்டரை அவன் செத்த மாதமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

இதை மெக்கானிக்கின் மனைவியிடம் சொன்னேன். குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

“முடிக்கச் சொல்லிடுங்க.”

மெக்கானிக் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். ஆட்டம் முடிந்தால் அவர் மூச்சு திரும்புமா, அதோடு நின்றுவிடுமா, தெரியாது. நான் இன்னும் பேட்ச் போட்டவனுக்குப் பதில் அனுப்பவில்லை.