சம்பளமில்லாமல் வந்த வெளிநாட்டுக்காரி

பாறசாலை ஸ்டேஷனிலிருந்து என்னை ஏற்றிக்கொண்ட ஜீப் குன்னத்துகாலுக்குப் போய்ச் சேர்வதற்குள், மலேயாவிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்ற செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எழுபதுகளின் கடைசி அது. ஊர் ஆண்களில் பாதிப் பேர் பேர்ஷியாவுக்குப் போயிருந்தார்கள். துபாயோ மஸ்கட்டோ, ஊர்ப் பேச்சில் எல்லாமே பேர்ஷியாதான். மீதிப் பேர் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் பெட்டி திறப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடுவது வழக்கம். எனக்கும் கூடியது.

ஈப்போவில் நான் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. குழந்தைகளுக்குப் பாடமும் தாய்மாருக்குச் சுகாதாரமும் சொல்லிக்கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. பெட்டியைத் திறந்தேன். கொசுவலை, பருத்திச் சேலைகள், துணிப் பொம்மைகள், வயிற்றுப்போக்கை விளக்கும் படங்கள். ஒரு பெரியவர் அந்தப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு பெட்டி பின்னால் வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சம்பளமாவது உண்டா என்றார். அதுவும் இல்லை என்றேன். கூட்டம் கலைந்தது. எதிர்வீட்டுக்காரி மட்டும் நின்று என் முகத்தை உற்றுப் பார்த்து, பைத்தியமா என்று அவர்கள் பேச்சில் கேட்டாள்.

"பிராந்து ஒண்ணும் இல்லையே மக்கா?"

அன்று மாலை மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் அவள் வீட்டிலிருந்துதான் வந்தது. ஏழைகளுக்கு உதவக் கடல் கடந்து வந்தவளுக்கு, வந்த அன்றே கிடைத்த தானம்.

எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் ஊரின் பெரிய சைவக் குடும்பத்துக்காரர், அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தென்னந்தோப்பின் ஓரத்தில் இருந்த ஓலைக்கூரை வீடு, வாடகை இல்லாமல். நிறுவனத்துக்காரர்கள் கூட்டம் போட்டு அவருக்கு மாலை போட்டார்கள். அவர் தினமும் காலையில் குடையை ஊன்றிக்கொண்டு வருவார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பார். கடிதங்கள் தம் வீட்டு முகவரிக்கே வரட்டும் என்பார். அடுப்பை இன்று இந்த மூலையில் வைத்திருந்தால் நாளை வேறு மூலைக்கு மாற்றச் சொல்வார். பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் ஈப்போவுக்கு எழுதினேன். ஊர் மக்களோடு கலந்து பழகுவது எப்படி என்று எங்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதன் பலன் அது.

ஒருநாள் வாசலில் நான்கு மரச்சீனிக் கம்புகளை நட்டு வைத்தேன். காலையில் வந்தவர் குனிந்து நான்கையும் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தார். ஏன் ஐயா என்றேன். அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நட்டா அவகாசம் வரும் டீச்சரே. நீங்க மலேயாக்காரி ஆனதுகொண்டாக்கும் வீடு தந்தது. இங்கத்த ஆளை வச்சா நாளைக்குப் பத்து சென்ட் கேக்கும்."

அவகாசம் என்றால் உரிமை என்று எதிர்வீட்டு அக்காதான் விளக்கினாள். அவளுடைய மாமியார் அதே தோப்பில் குடிசை போட்டுக் கூலி வேலை செய்தவள். குடியிருப்பவருக்கே அந்த இடம் என்று கேரளத்தில் நிலச் சட்டம் வந்தபோது குடிசையைச் சுற்றிய பத்து சென்ட் அவர்களுக்கே சொந்தமாயிற்று. பிறகு அக்காவின் கணவர் கொத்தனாராக துபாய்க்குப் போனார். குடிசை இருந்த இடத்தில் மொசைக் தரையோடு இரண்டு மாடி எழுந்தது. மாடியில் நின்றால் பெரியவர் வீட்டு அடுக்களைப் புறம் தெரியும். இனி ஒரு பிடி மண்கூடப் போகக் கூடாது என்று அவர் காவலுக்கு வைத்த ஆள்தான் நான். சம்பளமில்லாத காவல்காரி.

திருவனந்தபுரத்திலிருந்து நிறுவனத்தின் அதிகாரி வந்தபோது முறையிட்டேன். அவர் பெரியவர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, உள்ளூர் வழக்கங்களை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொன்னார்.

இடவப்பாதி என்று அங்கே சொல்லும் ஜூன் மழை தொடங்கியதும் கூரை ஒழுகியது. பெரியவர் ஓலை மாற்றவில்லை. நானே மாற்றுகிறேன் என்றால், பழுது பார்த்தாலும் அவகாசம் வரும் என்றார். கொசுவலைக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அக்கா பார்த்துவிட்டாள்.

"இங்கோட்டு வாருங்க டீச்சரே. மேல ரெண்டு முறி சும்மா கிடக்கு. ஆணி எத்தற வேணும்னாலும் அடிச்சுக்கிடுங்க."

பொம்மைகளோடும் படங்களோடும் அவள் மாடி அறைகளுக்குக் குடிபோனேன். பெரியவர் சும்மா இருக்க மாட்டார் என்று நினைத்தேன். மறுவாரமே வந்தார். அதுவரை அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர். என்னைத் திரும்ப அழைக்கத்தான் வருகிறார் என்று எண்ணி, சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்கா, "இரியுங்க" என்றாள். பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் கலக்கிக் கொடுத்த ஆரஞ்சுப் பொடித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அதுவரை அவளை எட்டி என்று அதட்டிக் கூப்பிட்டவர் அன்று மோளே, மகளே, என்றார். இளைய மகனுக்கு ஒரு விசா வேண்டும். அவள் தன் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அக்கா அவசரப்படவில்லை.

"சொல்லிப் பாக்கேன். கட்டடப் பணி ஆக்கும். உங்க பையன் மண்ணு சுமப்பானா?"

"சுமப்பான்," என்றார்.

விசா வந்தது, மகன் போனான். அந்த ஓலை வீட்டில் பெரியவர் ஆடுகளைக் கட்டினார். ஆடு பட்டா கேட்காது என்றாள் அக்கா.

பேர்ஷியாவிலிருந்து ஒலிநாடாவில் பேசித்தான் அனுப்புவார்கள். பெரியவர் டேப்ரெக்கார்டர் வாங்க மனமில்லாதவர். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகனின் குரலைக் கேட்க அக்கா வீட்டுக்குத்தான் வருவார். அதே நேரம் முற்றத்தில் என்னுடைய தாய்மார் வகுப்பு. முதல் நாடாவில் மகன் வெயிலைப் பற்றிச் சொன்னான். மணல் சுமந்து தோள்பட்டைத் தோல் உரிந்ததைச் சொன்னான். பிறகு அழுதான். முற்றத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பெரியவர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"அது திருகு கேடாக்கும்," என்றாள் அக்கா.

சத்தத்தைக் குறைக்கும் திருகில் கேடு ஒன்றும் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் எழுந்துபோய்த் திருகைத் தொடவில்லை. அவர் குடைப்பிடியைப் பார்த்தபடி நாடா முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.